காவலுக்கு ஆகும் நேரம்

பள்ளிக்கரணை,
சென்னை.
ஜூலை 12

அன்புள்ள மீனா,

உன் மெயில் கிடைத்தது. நிதானமாகப் படித்தேன். வேலையில் சேர்ந்த முதல் வருடத்திலேயே இப்படி ஒரு பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் உன்மேல் நம்பிக்கை இருக்கிறது என்றுதான் அர்த்தம். உங்க அம்மா போன வாரம் பேசும்போது, "ஏதோ கேமராவைப் பூட்டுற வேலையாம்டா" என்றாள். பாதி சரி. மீதிப் பாதியைத்தான் நீ என்னிடம் கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் நான் ஒன்று சொல்ல நீ ஒன்று கேட்டு எங்கேயோ போய்விடுவோம். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

"எல்லா டெஸ்ட்டும் பாஸ் மாமா. ஆனா லீட், இதனால ஆப் ஸ்லோ ஆகலைன்னு காட்டுங்கன்னு சொல்றார். எப்படிக் காட்டுறது?" என்று எழுதியிருக்கிறாய். முதலில் அந்தக் கேள்வியைத் திருத்திக்கொள். ஸ்லோ ஆகவில்லை என்று காட்டக் கிளம்பினால் அதற்குத் தோதான எண்கள் உனக்குக் கிடைத்துவிடும். நல்ல ஃபோன், நாலு ரன், ஒரு சராசரி போதும். எங்கே ஸ்லோ ஆகிறது, எவ்வளவு ஆகிறது, வாங்கிப் பயன்படுத்துகிறவர் அதைத் தாங்குவாரா என்று தேடப் போ. பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டிங்கில் இத்தனை காலம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், செலவே இல்லாத காவல் கிடையாது.

உன் என்ஃபோர்சர், அதாவது ஆப் விதியை மீறாமல் பார்த்துக்கொள்ளும் அந்தக் காவல், செய்வதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். ஆப் கேமராவைத் திறக்கிறது. பயனர் வேறு ஆப்புக்குத் தாவுகிறார். ஆண்ட்ராய்ட், "நீ ஒதுங்கு" என்று ஆன்பாஸ் அழைப்பைக் கொடுக்கிறது. ஒழுங்கான ஆப் அங்கேயே கேமராவை விட்டுவிட்டு, ஆன்ரெஸ்யூம் வரும்போது மறுபடி திறந்துகொள்ளும். பழைய கேமரா ஏபிஐயின் ஆவணத்திலேயே அப்படித்தான் செய்யச் சொல்லியிருக்கிறது. ஒழுங்கில்லாத ஆப் பிடித்த பிடியை விடாது. உன் என்ஃபோர்சர் திறப்பது, விடுவது, ஆன்பாஸ், ஆன்ரெஸ்யூம் என்ற நாலு நிகழ்வுகளையும் வழியில் நின்று பார்க்கிறது. ஆப் விட மறந்தால் தானே விடுகிறது. திரும்பி வரும்போது தானே திறந்து கொடுக்கிறது. அவ்வளவுதானே? சின்ன ஸ்டேட் மெஷின். தாளில் வரைந்தால் அரைப் பக்கம்.

இந்தத் துறைக்குக் கோட்பாடு உண்டு. ஒருநாள் உட்கார்ந்து படி. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஃபிரெட் ஷ்னைடர் 2000-இல் எழுதிய கட்டுரையில் வரும் காவலுக்கு ஒரே அதிகாரம்தான்: விதி மீறப்படப் போகிறது என்றால் ஓட்டத்தை நிறுத்திவிடலாம். பிறகு ஜே லிகாட்டி, லூஜோ பாவர், டேவிட் வாக்கர் மூவரும் 2005-இல் அதை விரித்தார்கள். நிறுத்துவதோடு, வேண்டாத செயலை விழுங்கிவிடவும், இல்லாத செயலை நடுவில் சேர்க்கவும் காவலுக்கு அதிகாரம் தந்தார்கள். உன் என்ஃபோர்சர் இந்த இரண்டாவது வகை. கேமராவை விடும் அழைப்பு ஒன்றை, ஆப் சொல்லாமலேயே நடுவில் நுழைக்கிறது அல்லவா?

அவர்கள் காவலுக்கு இரண்டு நிபந்தனை வைத்தார்கள். ஒன்று, வெளியே வரும் ஓட்டம் எப்போதும் விதிக்கு உட்பட்டிருக்க வேண்டும். இரண்டு, ஏற்கெனவே விதிக்கு உட்பட்ட ஓட்டத்தைக் காவல் மாற்றக் கூடாது. ஒழுங்காக நடப்பவனை அது தொடவே கூடாது. நீ எழுதிய டெஸ்ட்கள் எல்லாம் இந்த இரண்டையும்தான் சரிபார்க்கின்றன. பாஸ் ஆனது நல்ல செய்தி. ஆனால் அந்த இரண்டாவது நிபந்தனையை இன்னொரு தரம் படித்துப் பார். "மாற்றக் கூடாது" என்று அது சொல்வது நிகழ்வுகளின் வரிசையைப் பற்றி. முதலில் திற, பிறகு படம் எடு, பிறகு விடு என்ற வரிசை கலையாமல் இருந்தால் போதும். ஒவ்வொன்றும் எத்தனை மில்லிவிநாடி தள்ளி நடந்தது என்று அந்த நிபந்தனை கேட்பதில்லை. நேரத்தையும் விதிக்குள் கொண்டுவரும் கோட்பாடுகள் பின்னால் வந்தன. நீ கையில் எடுத்திருப்பது நேரம் இல்லாத எளிய மாடல்.

கைபேசியிலோ நேரம்தான் எல்லாம். திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.67 மில்லிவிநாடி கிடைக்கும். 120 முறை என்றால் 8.33. அதற்குள் வேலை முடியவில்லை என்றால் அந்த ஃபிரேம் தவறியது. விரல் நகர்த்திய இடத்துக்குத் திரை வரவில்லை. வரிசை கொஞ்சமும் கலையாமலேயே ஒரு ஆப்பை யாரும் தொட விரும்பாத பொருளாக ஆக்கிவிட முடியும். நான் இந்தக் கடிதத்தில் சொல்ல வந்தது இதுதான்: ஒழுங்காக நடக்கும் ஆப்பின் நேரத்தையும் காவல் தொடக் கூடாது. தொட்டே ஆக வேண்டுமென்றால், எவ்வளவு என்று அளந்து, எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

சுங்கச்சாவடியை நினைத்துக்கொள். காசு கொடுக்காமல் ஓடப் பார்ப்பவன் ஆயிரத்தில் ஒருவன். நின்று போவது ஆயிரம் வண்டியும். உன் என்ஃபோர்சரின் நல்ல பெயரை மீறுகிற ஆப் கொடுக்கும். கெட்ட பெயரை மீறாத ஆப் கொடுக்கும். அதனால் இரண்டு பாதைகளையும் தனித்தனியாக அள. மீறல் நடக்காதபோது வெறுமனே கவனித்துக்கொண்டிருக்க எவ்வளவு ஆகிறது? மீறல் நடந்து கைவைக்கும்போது எவ்வளவு ஆகிறது? இரண்டையும் ஒன்றாகக் குழப்பி ஒரே எண்ணாகக் கொடுத்தால் அந்த எண் யாருக்கும் உதவாது.

கவனிக்க ஆகும் செலவு ஒரு பெருக்கல் கணக்கு: ஒரு நிகழ்வுக்கு ஆகும் நேரம், எத்தனை நிகழ்வு. ஆன்பாஸ் எப்போதாவது வருகிறது. அங்கே கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். ஆனால் நீ மெயிலின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறாய்: அடுத்த வெர்ஷனில் பிரிவ்யூ ஃபிரேம் அழைப்பையும் பிடிக்கப் போகிறோம் என்று. அது விநாடிக்கு 30 முறை வரும். ஃபைல் படிப்பதைக் கண்காணிக்கும் என்ஃபோர்சர் என்றால் ஒரு திரை திறப்பதற்குள் ஆயிரக்கணக்கில் வரலாம். ஒரு நிகழ்வுக்கு வெறும் 5 மைக்ரோவிநாடிதான் என்று வைத்துக்கொள்வோம். 2,000 நிகழ்வு வந்தால் 10 மில்லிவிநாடி போயிற்று. 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு முழு ஃபிரேமும் அதற்கு மேலும். எனவே அளக்கும் முன்பே, பிடிக்கும் ஒவ்வொரு அழைப்பும் சாதாரணப் பயன்பாட்டில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி ஒரு பட்டியல் போடு. பட்டியலின் மேல் வரிசையில் இருப்பதுதான் உன் எதிரி.

கைவைக்கும் செலவு வேறு மாதிரி. ஆன்பாஸ் முடிந்து திரும்பும்வரை அடுத்த திரை மேலே வராது. அதனால்தான் அங்கே கனமான வேலை செய்யாதே என்று ஆண்ட்ராய்ட் ஆவணம் சொல்கிறது. உன் என்ஃபோர்சரோ கேமராவை விடும் வேலையை அங்கேதான் நுழைக்கிறது. பயனர் கண்ணுக்கு எப்படித் தெரியும்? "இந்த ஆப்பிலிருந்து வெளியே போனா போன் இழுக்குது." திரும்பி வரும்போது கேமராவைத் திறப்பது இன்னும் மோசம். கேமரா திறக்க நேரம் ஆகலாம், மெயின் த்ரெட்டில் திறக்காதே என்பது ஆவணத்திலேயே உள்ள எச்சரிக்கை. ஆப்பை எழுதியவர் அதைப் படித்துத் தனி த்ரெட்டில் திறந்திருப்பார். உன் காவல் ஆன்ரெஸ்யூமில் மெயின் த்ரெட்டிலேயே திறந்தால், அவர் தவிர்த்த தொல்லையை நீ திரும்பக் கொண்டுவந்து வைக்கிறாய். விதி காப்பாற்றப்பட்டிருக்கும், டெஸ்ட் பச்சையாக இருக்கும், திரை கருப்பாக நிற்கும். ஆகவே ஆன்ரெஸ்யூம் தொடங்கியதிலிருந்து முதல் பிரிவ்யூ ஃபிரேம் தெரியும்வரை எவ்வளவு நேரம் என்பதைத் தனி அளவாக வை. உன் ரிப்போர்ட்டில் முதல் வரியே அதுவாக இருக்கட்டும்.

விரலால் தொட்டதற்கு 5 விநாடி பதில் இல்லை என்றால் ஆண்ட்ராய்ட் அதை ஏஎன்ஆர் என்று பதிவு செய்யும். ஒரு நாளில் பயன்படுத்துவோரில் 0.47 சதவீதத்துக்கு மேல் பேருக்குக் கண்ணில் படும்படி அது நேர்ந்தால் ப்ளே ஸ்டோரில் அந்த ஆப் கண்ணில் படுவதே குறையலாம். உன் என்ஃபோர்சரைத் தன் ஆப்புக்குள் சேர்த்துக்கொள்ளும் டெவலப்பர், உன்னால் அந்தக் கோட்டைத் தாண்டினால் உன் விதியின் அருமை பெருமையைக் கேட்க மாட்டார். கழற்றி எறிந்துவிடுவார். ஆகவே வேகத்தைப் பார்ப்பது காவலுக்குப் புறம்பான வேலை என்று நினைத்துவிடாதே. காவல் அந்த இடத்தில் நிலைப்பதே அதனால்தான்.

மெமரிக்கு வருவோம். இங்கேதான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். எந்த ஆக்டிவிட்டி எந்தக் கேமராவை வைத்திருக்கிறது என்று உன் என்ஃபோர்சர் ஒரு டேபிள் வைத்திருக்கும். ஃபோனைப் படுக்கைவசமாகத் திருப்பினால் ஆண்ட்ராய்ட் வழக்கமாகப் பழைய ஆக்டிவிட்டியை அழித்துப் புதியதை உருவாக்கும். உன் டேபிள் பழையதை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தால் கார்பேஜ் கலெக்டர் அதைத் தொட முடியாது. ஒவ்வொரு முறை திருப்பும்போதும் ஒரு திரை அளவு மெமரி வெளியேறாமல் தங்கும். கேமரா லீக்கைத் தடுக்க வந்தது மெமரி லீக்கைக் கொண்டுவந்து சேர்க்கும். சின்ன டெஸ்டில் இது தெரியாது. தொடர்ந்து திருப்பி, வெளியே போய், உள்ளே வந்து, நீண்ட நேரம் ஓட்டினால்தான் டம்ப்சிஸ் மெம்இன்ஃபோவில் கோடு மேலே ஏறுவது தெரியும். எது பிடித்து வைத்திருக்கிறது என்று லீக்கேனரி என்ற கருவி காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் வீக் ரெஃபரன்ஸ் போட்டாலே சரியாகிவிடும்; கண்டுபிடிப்பதுதான் பாடு.

லாக் என்பது இரண்டு வகையிலும் தொல்லை. பூட்டு என்ற பொருளில்: உன் ஸ்டேட் மெஷினைப் பல த்ரெட்கள் தொடுவதால் சிங்க்ரனைஸ்ட் போட்டிருப்பாய். பின்னணி த்ரெட் ஒன்று பூட்டைப் பிடித்துக்கொண்டு கேமரா சர்வீஸுக்காகக் காத்திருக்கும். மெயின் த்ரெட் அந்தப் பூட்டுக்காகக் காத்திருக்கும். பெர்ஃபெட்டோ என்ற கருவியில் ட்ரேஸ் எடுத்துப் பார், யார் யாருக்காக நிற்கிறார்கள் என்று வரிசையாகத் தெரியும். பதிவு என்ற பொருளில்: ஒவ்வொரு நிகழ்வையும் ஃபைலில் எழுதும் பழக்கம். டெவலப்மென்ட் சமயத்தில் போட்டது, எடுக்க மறந்து ரிலீஸ் வரை வந்துவிடும். அளப்பதற்கு முன் அதை அணை. ரிலீஸில் அணைத்திருப்பாயா என்று உன் லீடிடம் எழுத்தில் கேட்டு வாங்கு.

பேட்டரி பற்றிச் சுருக்கமாக: உன் டிசைன் நிகழ்வு வந்தால் விழித்துக்கொள்வது, அது நல்லது. டைமர் வைத்து அடிக்கடி எழுந்து பார்க்கும் காவல் என்றால் ஃபோனைத் தூங்க விடாது. பேட்டரிஸ்டாட்ஸில் வேக்லாக் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மேலே போ.

இனி அளக்கும் முறை. அடிப்படை எளியது: ஒரே ஆப், ஒரே ஸ்கிரிப்ட், ஒரே ஃபோன், காவல் இல்லாமல் ஓட்டு, காவலோடு ஓட்டு, வித்தியாசம் பார். இத்தாலியில் மிலானோ பிகோக்கா பல்கலைக்கழகத்துக்காரர்கள் இந்த வகை என்ஃபோர்சர்களைப் பற்றித் தொடர்ந்து வேலை செய்கிறார்கள். விதியின் மாடலிலிருந்தே டெஸ்ட்களை உருவாக்கி, ஆப்பின் திரைகளில் எதைத் தட்டினால் அவை நடக்கும் என்று தேடிக் கண்டுபிடிக்கும் டெஸ்ட்ஃபார்என்ஃபோர்சர்ஸ் என்ற முறையை 2020-இல் கொடுத்தார்கள். 2022-இல் என்ஃபோர்சர்களின் செயல்பாடு சாராத தன்மைகளைச் சோதிப்பது பற்றியே தனிக் கட்டுரை எழுதினார்கள். மாடல் சரியென்று நிரூபித்தாலும், அதிலிருந்து பிறந்த நிஜ மென்பொருள் நிஜ ஃபோனில் பக்கவிளைவு உண்டாக்கலாம் என்பதுதான் அவர்கள் கவலை. உன் கவலையும் அதுவாக இருக்கட்டும்.

எளிய அடிப்படைதான். கெடுப்பதற்கு வழிகள் நிறைய. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றையும் மாற்றாமல் ஒப்பிடு. காவல் இல்லாத அதே பில்டை இரண்டு குழுவாக ஓட்டி, இரண்டுக்கும் வித்தியாசம் எடு. பூஜ்யம் வராது. ஃபோன் என்பது ஆயிரம் வேலை நடக்கும் இடம். வித்தியாசம் தானாகவே வரும். அந்த வித்தியாசம்தான் உன் தராசின் துல்லியம். அதைவிடச் சிறிய எண்ணை நீ பிறகு "ஓவர்ஹெட்" என்று எழுதினால் அது வெறும் சத்தம். பலர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு, "எங்க என்ஃபோர்சர் போட்டா ஆப் வேகமாகுது" என்றுகூட ரிப்போர்ட் எழுதியிருக்கிறார்கள். சிரிக்காதே, நான் படித்திருக்கிறேன்.

பில்டைக் கவனி. டீபக் பில்டில் அளந்த எண் குப்பைக்குத்தான். டீபக் என்று குறியிட்ட ஆப்பை ஆண்ட்ராய்ட் முழுமையாக மேம்படுத்தாது. ஆர்8 போட்டுச் சுருக்கிய ரிலீஸ் பில்டில் அள. அதேபோல ஆண்ட்ராய்ட் 7 முதல், நிறுவியவுடன் ஆப் ஒரு வேகத்தில் ஓடும், பயன்படுத்தப் பயன்படுத்த அடிக்கடி ஓடும் பகுதிகள் கம்பைல் ஆகி வேறு வேகத்தில் ஓடும். காவல் இல்லாத பில்ட் பழையது, காவலோடு உள்ள பில்ட் இப்போதுதான் நிறுவியது என்றால் நீ கம்பைலரை அளந்திருக்கிறாய், காவலை அல்ல. மேக்ரோபெஞ்ச்மார்க்கில் கம்பைலேஷன் நிலையை நீயே நிர்ணயிக்கலாம். இரண்டுக்கும் ஒன்றாக வை. இன்னொரு நுணுக்கம்: கம்பைலர் சின்ன மெத்தட்களை அழைக்கும் இடத்திலேயே கரைத்துவிடும். ஆப் ஓடும்போதே மெத்தட் அழைப்புகளை இடைமறிக்க ஹூக் போடும் காவலுக்கு அவை தப்பிவிடும் என்பதால், சில ஹூக் முறைகள் அந்த மேம்படுத்தலையே குலைக்கின்றன. அப்போது காவலின் கோட் வேகமாக இருந்தும் ஆப்பின் கோட் மெதுவாகும். உன் டீம் எக்ஸ்போஸ்டு போன்ற ஹூக் கருவி ஒன்றை வைத்துப் பரிசோதித்துவிட்டு, ரிலீஸில் பைட்கோடை மாற்றும் வழிக்குப் போகிறது என்றால் இரண்டின் எண்களும் வேறு வேறு. அந்தக் கருவியை வைத்து ரூட் செய்த ஃபோனில் எடுத்த எண்ணை ரூட் செய்யாத ஃபோன் வைத்திருப்பவரிடம் காட்டாதே.

சூட்டைக் கவனி. ஃபோன் சூடானால் ப்ராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் எல்லாம் காவல் இல்லாமல், மதியம் எல்லாம் காவலோடு என்று ஓட்டினால் வெயிலின் பழி காவலின் மேல் விழும். மாற்றி மாற்றி ஓட்டு: இல்லாமல், இருந்து, இல்லாமல், இருந்து. நடுவில் ஆற விடு. கேமரா ஆப் என்பதால் சூடு சீக்கிரம் ஏறும், மறக்காதே. ஏர்பிளேன் மோட் போடு, திரை வெளிச்சத்தை ஒரே அளவில் வை, சார்ஜரைக் கழற்று.

எமுலேட்டரில் வேகத்தை அளக்காதே. அது உன் லேப்டாப்பின் வேகம். ஆபீஸில் மேஜைமேல் கிடக்கும் விலை உயர்ந்த ஃபோனையும் மட்டும் நம்பாதே. உங்கள் ஆப்பை யார் பயன்படுத்துகிறார்களோ அவர்கள் கையில் இருக்கும் ஃபோனில் ஒன்றாவது வேண்டும். 3, 4 ஜிபி மெமரியோடு, பாதி நிறைந்த ஸ்டோரேஜோடு, சில வருடம் உழைத்த ஃபோன். உங்க அம்மாவின் ஃபோனைக் கொஞ்ச நாள் கடன் வாங்கினால்கூடப் போதும். குட் மார்னிங் படங்களிலேயே ஸ்டோரேஜ் நிறைந்திருக்கும். ஆண்ட்ராய்ட் வெர்ஷனும் முக்கியம். ஆண்ட்ராய்ட் 6-க்கு முன்னால் கேமரா முதலில் பிடித்தவனுக்குத்தான். 6 முதல் முன்னுரிமை உள்ள ஆப்புக்குப் போகும். 9 முதல் பின்னணியில் ஓய்ந்திருக்கும் ஆப்புக்குக் கேமராவே கிடையாது. அதாவது உன் விதியின் ஒரு பங்கைச் சிஸ்டமே எடுத்துக்கொண்டுவிட்டது. புதிய வெர்ஷன்களில் உன் காவல் தரும் நன்மை குறைகிறது, செலவு அப்படியே இருக்கிறது. எந்த வெர்ஷனில் இது இன்னும் தேவை என்று உன் எண்களை வைத்தே சொல்ல முடியும். அதைச் சொல்லத் தயங்காதே.

சராசரியை நம்பாதே. ஒரு கணக்குப் போடுவோம். 1,000 ஃபிரேமில் 980 ஃபிரேம் 8 மில்லிவிநாடி, 20 ஃபிரேம் 200 மில்லிவிநாடி. சராசரி 11.84. பதினாறுக்குள் இருக்கிறது, பிரமாதம் என்று தோன்றும். பயனருக்கோ இருபது முறை திரை உறைந்து நின்றது. டம்ப்சிஸ் ஜிஎஃப்எக்ஸ்இன்ஃபோ 50, 90, 95, 99 ஆகிய சதமானங்களைத் தருகிறது. 50-ஐயும் 99-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுது. என்ஃபோர்சர்கள் பெரும்பாலும் 50-இல் நல்ல பிள்ளையாக இருக்கும்; 99-இல்தான் சுயரூபம் காட்டும். ஏனென்றால் அவை எப்போதாவதுதான் கைவைக்கின்றன.

ஸ்கிரிப்ட்டில் வெறும் படம் எடுப்பதை மட்டும் வைக்காதே. கேமரா திறந்திருக்கும்போது போன் அழைப்பு வரட்டும்; அதற்கு மட்டும் ஏர்பிளேன் மோடை எடுத்துவிடு. ரீசன்ட்ஸ் போய்ச் சட்டென்று திரும்பி வரட்டும். திரை அணைந்து எரியட்டும். திரையை இரண்டாகப் பிரித்து வைக்கும்போது, ஆப் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே பாஸ் நிலைக்குப் போகும் வெர்ஷன்கள் உண்டு. அங்கே உன் காவல் கேமராவைப் பிடுங்கினால் பயனர் பார்த்துக்கொண்டிருக்கும் படம் மறையும். இரண்டு என்ஃபோர்சர்கள் சேர்ந்து இருந்தால் தனித்தனியாகவும் சேர்த்தும் ஓட்டு. ஒன்று நுழைக்கும் அழைப்பை இன்னொன்று புதிய நிகழ்வாக எடுத்துக்கொண்டு வேலை பார்க்கும். இரண்டின் தனிச் செலவுகளைக் கூட்டிப் பார்த்தால் இது கணக்கில் வராது.

கடைசியாக, எதோடு ஒப்பிடுவது என்ற விஷயம். இதில்தான் உன் லீடோடு உனக்கு வாக்குவாதம் வரும், தயாராக இரு. கேமராவை விடாத ஆப்பைக் காவல் இல்லாமல் ஓட்டினால் அது வெளியே போகும்போது வேகமாகத்தான் இருக்கும். செய்ய வேண்டிய வேலையைச் செய்யவில்லையே! அதோடு ஒப்பிட்டால் உன் காவல் மெதுவாகத் தெரியும், அது அநியாயம். மறுபக்கம், கேமராவைப் பிடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரி குறையும். அதோடு மட்டும் ஒப்பிட்டால் காவல் தேவதையாகத் தெரியும், அதுவும் அநியாயம். ஆகவே மூன்றாவதாக ஒன்று வேண்டும்: அதே ஆப்பில் அந்தத் தவறைக் கையாலேயே திருத்திய பில்ட். தவறு உள்ள ஆப், தவறும் காவலும் உள்ள ஆப், திருத்திய ஆப் மூன்றையும் ஓட்டு. மூன்றாவதற்கும் இரண்டாவதற்கும் உள்ள தூரம்தான் உன் காவலின் உண்மையான விலை. அதோடு, திருத்திய ஆப்பிலும் காவலைப் போட்டு ஒருமுறை ஓட்டிவிடு. ஒழுங்கானவனிடம் காவல் எவ்வளவு வாங்குகிறது என்று தெரிந்துவிடும்.

அளக்கும் முன்பே வரம்பை எழுதி வை. "கவனிப்பதற்கு ஃபிரேமில் இவ்வளவுக்கு மேல் கூடாது, திரும்பி வரும்போது பிரிவ்யூ இவ்வளவுக்கு மேல் தாமதிக்கக் கூடாது, நீண்ட ஓட்டத்தில் மெமரி ஏறவே கூடாது" என்று டீமில் எல்லாரும் ஒப்புக்கொண்ட எண். எண் வந்த பிறகு வரம்பு போட்டால், வந்த எண்ணுக்குச் சற்று மேலே கோடு கிழிக்கத்தான் மனசு போகும். வரம்பைத் தாண்டினால் என்ன செய்வீர்கள் என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். அடிக்கடி வரும் அழைப்பைப் பிடிக்காமல் விடுவதா, திறக்கும் வேலையைப் பின்னணி த்ரெட்டுக்கு நகர்த்துவதா, அல்லது டெவலப்பருக்கு எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு அவரையே திருத்தச் சொல்வதா? மூன்றாவது வழி பல நேரங்களில் மலிவானது. தவறு எங்கே என்று தெரிந்து, சோர்ஸும் கையில் இருந்தால் திருத்துவதுதான் முறை. சோர்ஸ் கையில் இல்லாதபோதும், திருத்தம் வந்து சேர மாதங்கள் ஆகும்போதும்தான் காவலுக்கு உண்மையான வேலை.

உன் எண்கள் மோசமாக வந்தால் பயப்படாதே. மோசமான எண்ணை முதலில் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பவளைத்தான் நல்ல டீமில் மதிப்பார்கள். அப்படி மதிக்காத டீம் என்றால் எனக்கு எழுது, வேறு இடம் பார்க்கலாம்.

இங்கே அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லை, நடைப்பயிற்சி போகிறாள். நீ ஆடி மாதம் வருவதாக அக்கா சொன்னாள். லேப்டாப்பைக் கொண்டுவா, ட்ரேஸ் ஃபைல்களைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். அதற்குள் ஒரே ஒரு வேலை செய்து அனுப்பு: காவலே இல்லாத பில்டைக் காவலே இல்லாத பில்டோடு ஒப்பிட்ட எண்கள். மற்றவை அதற்குப் பிறகு. அது கையில் வராமல் உன் லீடிடம் எந்தச் சதவீதத்தையும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
மாமா